ஐந்தாவது விடை

மார்க்கிரட் சிவசம்புவின் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அது குடும்ப வியாதி. அப்பா சிவசம்பு ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் யார் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும், "சிலோன்காரர் வீட்டுல கொண்டு போய் காட்டு" என்றுதான் சொல்லுவார்கள். அவரும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே குரலில் பதில் சொல்லி அனுப்புவார். அந்தக் குரல் மகளுக்கு அப்படியே வந்து சேர்ந்தது. போதாததற்கு அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியின் தலைமை நூலகர் வேறு. கேட்க வேண்டுமா?

ஒவ்வொரு ஆண்டும் கல்லூரிக்குப் புதிதாக வரும் முதலாண்டு மாணவர்களுக்கு அவள் ஒரு தேர்வு வைப்பாள். ஒரு தகவலை எங்கே தேடுவது, எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்க்கும் தேர்வு. கேள்விகளை எழுதுவதும் திருத்துவதும் அவளே. திருத்தி முடித்த வாரத்தில் எல்லாரையும் பெரிய மண்டபத்தில் உட்கார வைத்து, சிரிப்பு வருகிற மாதிரி எழுதப்பட்ட விடைகளாகப் பொறுக்கியெடுத்துத் திரையில் போட்டு வாசிப்பாள். யாருடைய பெயரையும் சொல்ல மாட்டாள். அதை ஒரு பெரிய தர்மமாக நினைத்திருந்தாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் திருவிழா மாதிரி. வேலை இல்லாத விரிவுரையாளர்கள்கூடக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போவார்கள்.

இந்த ஆண்டும் சரக்குக்குக் குறைவில்லை. 'இந்தத் தகவலுக்கு ஆதாரம் என்ன?' என்ற கேள்விக்கு ஒருவன் 'என் பெரியம்மா' என்று எழுதியிருந்தான். புத்தகத்தின் ஆசிரியர் பெயர் கேட்ட இடத்தில் இன்னொருத்தி 'பிடிஎஃப்' என்று எழுதியிருந்தாள். 'ஒரே செய்தி மூன்று குழுக்களிலிருந்து வந்தால் அது உண்மையாகிவிடுமா?' என்ற கேள்விக்குப் பாதிப் பேர் 'ஆகிவிடும்' என்று எழுதியிருந்தார்கள். மண்டபம் அதிர்ந்தது. அது தன் விடை என்று யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் பெரியம்மா பையனும் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

கடைசிக்கென்று ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். கேள்வி இதுதான்: ஓர் ஆளைப் பற்றி உங்கள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. உண்மையா பொய்யா என்று தெரியவில்லை. யாரைக் கேட்பீர்கள்? கீழே நான்கு விடைகள்: நண்பர், குடும்பத்தார், இணையம், நூலகர். சரியான விடை நூலகர். தன்னையே சரியான விடையாக வைத்துக் கேள்வி எழுதியதில் அவளுக்குக் கூச்சம் எதுவும் இல்லை. அந்தத் தாளில் மட்டும் யாரோ நான்கையும் அடித்துவிட்டு, அடியில் பேனாவால் ஐந்தாவதாக ஒன்றை எழுதியிருந்தார்கள்: 'அந்த ஆளையே.' பக்கத்தில் மார்க்கிரட் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி திரையில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

"ரொம்ப நல்ல யோசனை," என்றாள் மார்க்கிரட் ஆங்கிலத்தில். "அப்போ ஒருத்தன் திருடன்னு செய்தி வந்தா, நேரா அவன்கிட்டயே போய், 'பாஸ், நீங்க திருடனா?' அப்படின்னு கேட்டுடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கே நிறுத்தினால் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சிரிப்பு அடங்கும்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது.

எழுந்து நின்ற பெண் ஒல்லியாக இருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே, "மேடம், அது என்னோட பேப்பர்," என்றாள். அதுவரைக்கும் ஆங்கிலம். பிறகு பேச்சு தமிழுக்கு மாறிவிட்டது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது புரிந்திருக்காது. மார்க்கிரட்டுக்குப் புரிந்தது.

"எங்கப்பா கிள்ளான்ல ஸ்கூல் வேன் ஓட்டுறாரு, மேடம். புதுசா ஒரு பிள்ளைய ஏத்தப் போனாரு. முதல் நாளு. அதுக்கு அப்பாவத் தெரியாது, அழுதுச்சு. யாரோ எதிர்வீட்டுல இருந்து படம் எடுத்து, ஸ்கூல் வேன் மாதிரி வேஷம் போட்டு பிள்ளை பிடிக்கிறான்னு எல்லா குரூப்புலயும் போட்டுட்டாங்க."

அந்தப் படம் மார்க்கிரட்டுக்குத் தெரியும். வெள்ளை வேன், திறந்த கதவு, ரோஸ் நிறத் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழும் ஒரு சின்னப் பெண்.

பழக்கதோஷத்தால் வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசியது. "கஷ்டம்தான்மா. ஆனா முன்னபின்ன தெரியாத ஆள எப்படிப் போய் கேக்குறது?"

"வேன்ல நம்பர் இருக்கு, மேடம். பக்கவாட்டுல பெருசா எழுதியிருக்கு, படத்துலயே நல்லா தெரியும். ஒருத்தர்கூட கூப்பிடல." அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "போலீஸ் கூப்பிட்டு விசாரிச்சாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. அத யாரும் நம்பல. ஏன்னா அந்த மெசேஜுக்குக் கீழ, 'பிரிக்பீல்ட்ஸ் காலேஜ் லைப்ரரியன் செக் பண்ணிட்டாங்க, உண்மைதான்' அப்படின்னு இருக்கு. வேன் நிறைய பிள்ளைங்க இருந்தாங்க. இப்போ ரெண்டு பேருதான், அதுவும் எங்க சித்தி பிள்ளைங்க. அதனாலதான் மேடம் நாலாவதையும் சேத்து அடிச்சேன்."

முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பக்கத்துப் பையனுக்கு மெதுவாக ஆங்கிலத்தில் விளக்கினான். பிறகு அந்த விளக்கம் ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போனது. அந்தப் பெண்ணுக்குத் தான் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்திருக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தெருவுக்கு ஒரு கல்லூரி இருக்கிறது, கல்லூரிக்கு ஒரு நூலகர் இருக்கிறார். அவள் மேடத்தை நியாயம் கேட்டு நிற்பவளைப் போலத்தான் பார்த்தாள், குற்றம் சாட்டுபவளைப் போல அல்ல. மார்க்கிரட்டால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உக்காரும்மா," என்றாள். திரையை அணைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கூட்டத்தை முடித்தாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியைத் திறந்தாள். தேட வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் தேடினாள். பள்ளித் தோழிகளின் குழு. கிள்ளானில் இருக்கும் சந்திரகலா அந்தப் படத்தைப் போட்டு, 'மார்க்கி, நீதானே லைப்ரரியன், இது உண்மையா பார்த்துச் சொல்லேன்' என்று கேட்டிருந்தாள். கீழே மார்க்கிரட்டின் பதில்: 'உண்மைதான். நானும் பார்த்தேன். கவனமா இருங்க.' அதைத்தான் சந்திரகலா 'லைப்ரரியன் செக் பண்ணிட்டாங்க' என்று சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

அந்தப் பதிலை எழுதிய நேரம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இதே மேசையில் உட்கார்ந்து இதே தேர்வுக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருந்தாள். தேவாலயக் குழுவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவிலும் அதே படம் ஏற்கனவே வந்திருந்தது. மூன்று இடத்தில் வந்துவிட்டது, அப்புறம் என்ன என்று நினைத்துத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த கேள்வியை எழுதினாள்: ஒரே செய்தி மூன்று குழுக்களிலிருந்து வந்தால் அது உண்மையாகிவிடுமா?

வெட்கம் என்பது முகத்தில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அது உடம்பு முழுக்க வந்தது. உள்ளங்கை வேர்த்தது, காது சுட்டது. அறையில் யாரும் இல்லாதபோதும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாதிப் பேர் தப்பாக எழுதினார்கள் என்று சற்று முன்னால்தான் மண்டபத்தையே சிரிக்க வைத்தாள். அந்தப் பாதிப் பேரில் அவளும் ஒருத்தி. அவர்களாவது தாளில் எழுதியதோடு விட்டார்கள்.

சும்மா இருந்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். எந்தக் கல்லூரி என்று செய்தியில் இல்லை, பெயரும் இல்லை. சந்திரகலா காட்டிக்கொடுக்க மாட்டாள், அவளுக்கு இதெல்லாம் மறந்தே போயிருக்கும். அந்த எண்ணம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்துத்தான் அவளுக்கு மேலும் அருவருப்பாக இருந்தது.

குழுவில் எழுதினாள். 'அந்த வேன் செய்தி பொய். நான் சரிபார்க்காமலே உண்மை என்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது. யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள்.'

சந்திரகலாவின் பதில் உடனே வந்தது. 'பரவால்ல மார்க்கி. எதுக்கும் நாம ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே.' பக்கத்தில் கும்பிடுகிற கை. அதற்குக் கீழே வேறொருத்தி பாண்டான் கேக் செய்யும் முறையைப் போட்டாள். எல்லாரும் கேக்கைப் பாராட்டத் தொடங்கினார்கள். பிள்ளை பிடிக்கும் வேனை ஒரே மாலையில் கிள்ளான் முழுக்க ஓட்டிய அதே பெண்கள், இந்த மறுப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

மார்க்கிரட் மறுபடியும் படத்தைத் திறந்தாள். அன்றைக்கு அழும் பிள்ளையை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது பார்த்தால், பெரிதாக்கக்கூட வேண்டியதில்லை. கதவுக்குப் பின்னால், நீல நிறத்தில், கொட்டை கொட்டையாகத் தொலைபேசி எண்கள். அந்த எண்ணை அழுத்துவதற்கு முன்னால் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாள்.

மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டார்.

"ஹலோ, லோகன் ஸ்கூல் வேன்! சொல்லுங்க!" குரலில் அவ்வளவு உற்சாகம்.

"நான் பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து..."

"பரவால்ல அக்கா, வீடு மாறி வரீங்களா? எந்த தாமான்ல வீடு? எத்தன பிள்ளைங்க? காலைப் பள்ளியா, மத்தியானமா? எடமெல்லாம் நிறைய இருக்கு அக்கா, உங்க பிள்ளைய சன்னல் பக்கமே உக்கார வச்சிடலாம்."

அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் அப்படியே பேச விட்டுவிடலாமா என்று மார்க்கிரட்டுக்கு இருந்தது.

"பிள்ளைக்காகக் கூப்பிடலிங்க," என்றாள். "அந்த மெசேஜ்ல லைப்ரரியன் செக் பண்ணிட்டாங்கன்னு இருக்குல்ல. அந்த லைப்ரரியன் நான்தான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை.

"எதுக்கு அக்கா அப்படிச் சொன்னீங்க?" என்றார் லோகன். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "என்னப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியாது," என்றாள் மார்க்கிரட். "ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்." பிறகு மன்னிப்புக் கேட்டாள். ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. மகள் தன் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்பதையும், அன்று காலை மண்டபத்தில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னாள். குழுவில் மறுப்பு எழுதிவிட்டதையும் சொன்னாள், கொஞ்சம் புண்ணியம் சேர்த்துக்கொள்கிற மாதிரி.

"என்கிட்ட சொல்லி என்ன அக்கா செய்ய?" என்றார் லோகன். "நான் பிள்ளை பிடிக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. பள்ளிக்கூட வாசல்ல வந்து அந்த அம்மாமாருங்ககிட்ட சொல்லுங்க. முடியுமா?"

முடியும் என்றாள். சொன்ன நிமிடத்திலிருந்து முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னால் ஒலிவாங்கி பிடித்துப் பேசுகிறவளுக்கு, ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காலையில் நல்ல சேலை ஒன்றை எடுத்து, உடுத்தாமல் மறுபடி மடித்து வைத்துவிட்டு வந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் அலங்காரம் பண்ணிக்கொண்டு போகலாமா என்று ஒரு குழப்பம். இந்த நேரத்திலும் தான் எப்படித் தெரிவோம் என்ற கவலைதானா என்று அடுத்த நிலையம் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தமிழ்ப்பள்ளி வாசலில் வெயில் கொளுத்தியது. காலைப் பள்ளி விடும் நேரம். தாய்மார்கள் மோட்டார் சைக்கிள்களிலும் குடைகளுக்கு அடியிலுமாகக் காத்திருந்தார்கள். ஒருவன் பிளாஸ்டிக் பையில் இனிப்புச் சிராப் தண்ணீர் ஊற்றி விற்றுக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, யாரும் பக்கத்தில் போகாத இடத்தில், அந்த வெள்ளை வேன். நேரில் பார்க்கும்போது நீல எண்கள் இன்னும் பெரிதாக இருந்தன. லோகன் தலை நரைத்த குள்ளமான மனிதர். அவளைப் பார்த்ததும் வேனிலிருந்து இறங்கித் தலையை ஆட்டினார். பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். அவள் பெயர் யுகேஸ்வரி என்பதைப் பேப்பர் எண்ணை வைத்துத் தேடித்தான் மார்க்கிரட் தெரிந்துகொண்டிருந்தாள். யுகேஸ்வரி வணக்கம் சொல்லவில்லை. மேடத்தைப் பார்த்துவிட்டு வேனின் டயரைப் பார்த்தாள்.

மார்க்கிரட் தாய்மார்கள் நின்ற இடத்துக்குப் போனாள். எப்படித் தொடங்குவது என்று ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"கொஞ்சம் கேளுங்கம்மா. அந்த வேன் மெசேஜ உண்மைன்னு சொன்ன லைப்ரரியன் நான்தான். நான் செக் பண்ணவே இல்ல. அது பொய். அவரு தப்பே பண்ணல. நான்தான் தப்பு பண்ணினேன்."

சிலர் கைப்பேசியை எடுத்தார்கள். ஒருத்தி அவளை வீடியோ எடுக்கத் தொடங்கினாள். எடுக்கட்டும் என்று மார்க்கிரட் நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தலைக்கவசத்தை இன்னும் கழற்றாத ஓர் இளம் தாய் முன்னால் வந்தாள். "நீங்கதானா அது?" என்றாள். "உங்கள நம்பித்தான் ஆன்டி நான் பிள்ளைய வேன்ல இருந்து நிப்பாட்டினேன். தினமும் வேலையில பாதி நாள் லீவு போட்டு வரேன். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுறான். அன்னிக்கு நீங்க உண்மைன்னு சொன்னீங்க, நம்பினோம். இன்னிக்குப் பொய்ன்னு சொல்றீங்க. இதையும் நம்பணுமா? நாளைக்கு வந்து என்ன சொல்லுவீங்க?"

மார்க்கிரட் வாயைத் திறந்தாள். சிவசம்பு வீட்டுக் குரல் தொண்டை வரைக்கும் வந்தது, போலீஸ் சொன்னதை எடுத்துச் சொல்லலாம், சான்று காட்டலாம், தான் எத்தனை ஆண்டு நூலகராக இருக்கிறோம் என்று சொல்லலாம் என்றெல்லாம் தூண்டியது. அந்தப் பெண் கேட்டது சரி. இவ்வளவு தப்புக்கும் காரணமே அவள் சொன்னதை இவர்கள் கேள்வி கேட்காமல் நம்பியதுதான். இப்போதும் அதையே செய்யச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறாள்.

"என்ன நம்பாதீங்கம்மா," என்றாள். சொல்லும்போதே திரையில் ஆள் உயரத்துக்கு நின்ற அந்தச் சிவப்புக் குறி ஞாபகம் வந்து முகம் எரிந்தது. "அந்த ஆளையே கேளுங்க. அதோ நிக்கிறாரு."

தலைக்கவசப் பெண் அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வேனைப் பார்த்தாள். வேன் ஒன்றும் தூரத்தில் இல்லை, நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். அத்தனை வாரமாக அந்த நாலு எட்டை இந்த வாசலில் யாரும் வைத்திருக்கவில்லை. அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் அங்கேயே நின்று பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மட்டும் பின்னாலேயே போனார்கள்.

"அண்ணே," என்றாள் அவள். "அன்னிக்கு அந்தப் பிள்ள ஏன் அழுதுச்சு?"

லோகன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். பதில் தயாராக வைத்திருந்தவர் போலத்தான் இருந்தார். மகள் அவர் கையைத் தொட்டாள்.

"புதுப் பிள்ளைம்மா," என்றார். "முதல் நாளு. என்னைத் தெரியாது, அதான் பயந்துடுச்சு."

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். மார்க்கிரட் அவர்களுக்கு வழி விட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.